வீட்டுக்கு அழகு தேடிய வில்லியம் மோரிஸ்

லண்டன் நகரின் ஹைட் பார்க் மைதானத்தில் 1851-ம் ஆண்டு ஒரு பெரிய கண்ணாடி மாளிகை எழும்பி நின்றது. அதற்குள்ளே உலகப் பொருட்காட்சி. இயந்திரங்கள், பட்டுகள், மேஜை நாற்காலிகள், விளக்குகள், கடிகாரங்கள் என்று பல தேசத்துச் சாமான்களும் அங்கே குவிந்து கிடந்தன. விக்டோரியா மகாராணியே வந்து திறந்து வைத்தார். ஐந்தரை மாதத்தில் 60 லட்சம் பேர் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பணக்காரக் குடும்பம் ஒன்றும் அதைப் பார்க்க வந்தது. எல்லோரும் ஆவலோடு உள்ளே நுழைந்தார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் மட்டும் வாசலோடு நின்றுவிட்டான். உள்ளே இருப்பவை பார்க்கச் சகிக்காதவை என்று சொல்லி, வெளியே ஓர் ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டானாம். வீட்டார் எவ்வளவோ அழைத்தும் அவன் அசையவில்லை என்று சொல்வார்கள்.

அந்தப் பையன்தான் வில்லியம் மோரிஸ். எந்தச் சாமான்களைப் பார்த்து முகம் சுளித்தானோ, அவற்றை இங்கிலாந்தின் வீடுகளிலிருந்து வெளியேற்றுவதே பிற்காலத்தில் அவன் தொழிலாயிற்று.

செம்புச் சுரங்கத்தின் செல்வம்

மோரிஸ் 1834-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி, லண்டனை அடுத்த வால்தம்ஸ்டோ என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் லண்டனில் பணத் தரகு வியாபாரம் செய்தவர். டெவன் பகுதியில் ஒரு செம்புச் சுரங்கக் கம்பெனியின் பங்குகளை அவர் வாங்கி வைத்திருந்தார். 1 பவுன் விலையுள்ள பங்கு, சுரங்கத்தில் செம்பு கண்டதும் பல நூறு பவுனாக ஏறிவிட்டது. குடும்பம் ஒரேயடியாகச் செல்வத்தில் மிதந்தது.

மோரிசுக்கு 13 வயதாகும்போது, 1847-ல் தகப்பனார் காலமானார். ஆனால் பணத்துக்குக் குறைவில்லை. 21 வயது நிறைந்ததும் வருஷத்துக்குச் சுமார் 900 பவுன் வருமானம் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் ராஜபோகமாக வாழ அது தாராளமாகப் போதும்.

ஆக்ஸ்போர்டில் படிக்கப் போனபோது பாதிரியார் ஆவதுதான் அவர் எண்ணம். அங்கே எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் என்ற இளைஞர் சிநேகிதர் ஆனார். இருவரும் பிரான்சுக்குப் போய்ப் பழைய தேவாலயங்களைச் சுற்றிப் பார்த்தார்கள். திரும்பும் வழியில் துறைமுகத்தில் உலாவிக்கொண்டே பேசியபோது இருவரும் மனத்தை மாற்றிக்கொண்டார்கள். பர்ன்-ஜோன்ஸ் ஓவியர் ஆவது, மோரிஸ் கட்டடக் கலைஞர் ஆவது என்று 1855-ல் முடிவாயிற்று. தாயாருக்கு இது பெரிய ஏமாற்றம்.

கட்டடக் கலைஞர் ஒருவரிடம் மோரிஸ் சில மாதங்களே வேலை பழகினார். பொறுமை போதவில்லை. ஆனால் அங்கே பிலிப் வெப் என்ற நண்பர் கிடைத்தார். அது ஆயுள்கால நட்பு ஆயிற்று.

வாங்க ஒன்றும் இல்லை

லண்டன் ரெட் லயன் சதுக்கத்தில் மோரிசும் பர்ன்-ஜோன்சும் சேர்ந்து சில அறைகளை வாடகைக்கு எடுத்தார்கள். அறைகள் காலியாக இருந்தன. சாமான் வாங்கக் கடைகடையாக ஏறி இறங்கினார்கள். கையில் பணம் இருந்தும், வாங்கும்படியாக எதுவும் மோரிசின் கண்ணில் படவில்லை.

அந்தக் காலத்துப் பணக்கார வீட்டுக் கூடம் எப்படி இருக்கும் தெரியுமா? ஜன்னலுக்கு வெளிச்சமே வராதபடி கனத்த திரைகள். மேஜைக்குப் பாவாடை கட்டியதுபோல் தரை வரை தொங்கும் துணி. கண்ணாடிக் கூண்டுக்குள் பஞ்சடைத்த பறவை. அலமாரியில் இடமில்லாமல் அடுக்கிய பொம்மைகள். கால் வைத்தால் மிதிபட்டுவிடுமோ என்று தோன்றும்படி, நிஜ ரோஜாவைப் போலவே நிழலோடு வரைந்த பூக்கள் நிறைந்த கம்பளம். எத்தனை சாமான் இருக்கிறதோ அத்தனை கௌரவம் என்பது அப்போதைய எண்ணம்.

மோரிசுக்கு இது மூச்சு முட்டியது. தனக்கு வேண்டிய மேஜை நாற்காலிகளைத் தானே வரைந்து, ஒரு தச்சரிடம் கொடுத்துச் செய்வித்தார். ராஜா காலத்துக் கோட்டைகளில் இருப்பவை போன்ற பிரம்மாண்டமான நாற்காலிகள் வந்தன. முதுகு சாய்க்கும் பெரிய பெஞ்சு ஒன்றும் வந்தது. அதைப் படிக்கட்டில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. வந்த பிறகு அறையில் நடக்கவே இடம் இல்லை. ஓவியர் ரோசெட்டி அதைப் பார்த்துக் கேலி செய்தார். ஆனால் அவரே அதன் பலகைகளில் சித்திரமும் எழுதிக் கொடுத்தார்.

சிவப்பு வீடு

ஆக்ஸ்போர்டில் குதிரை லாயத்தில் வேலை பார்த்த ஒருவரின் மகள் ஜேன் பர்டன். ஏழைப் பெண், பேரழகி. அவளை மோரிஸ் 1859-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி கல்யாணம் செய்துகொண்டார்.

புது மனைவிக்குப் புது வீடு வேண்டுமே! லண்டனுக்கு 10 மைல் தொலைவில் பெக்ஸ்லிஹீத் என்ற இடத்தில், ஒரு பழத்தோட்டத்தின் நடுவே வீடு எழும்பியது. படம் போட்டுக் கொடுத்தவர் நண்பர் வெப். நாகரிகமான வீடுகளுக்கெல்லாம் சுண்ணச்சாந்து பூசி வெள்ளையடிப்பதே அப்போது வழக்கம். வெப் பூச்சே இல்லாமல், செங்கல்லைச் செங்கல்லாகவே விட்டுக் கட்டினார். அதனால் 'சிவப்பு வீடு' என்றே பெயர் வந்தது.

1860-ல் குடிபுகுந்தார்கள். சனிக்கிழமை தோறும் நண்பர்கள் லண்டனிலிருந்து வந்து இறங்குவார்கள். பகலில் எல்லோரும் சுவரிலும் கூரையிலும் சித்திரம் எழுதுவார்கள். மாலையில் தோட்டத்தில் விளையாட்டு. ஜேன் நீலக் கம்பளித் துணியில் சிறு வெண்பூக்களை நூலால் தைத்து, படுக்கையறைச் சுவருக்குத் திரை செய்தார். கடையில் மலிவாகக் கிடைத்த முரட்டுத் துணிதான் அது. அதுவே அந்த அறைக்குத் தனிக் களை கொடுத்தது.

அந்த வீட்டிலிருந்துதான் ஒரு யோசனை பிறந்தது. தங்களுக்காகச் செய்துகொண்டதை ஊருக்கும் செய்து கொடுத்தால் என்ன?

ஏழு பேர் கம்பெனி

1861 ஏப்ரலில் ஏழு நண்பர்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். ஆளுக்கு 1 பவுன் முதல். மோரிசின் தாயார் 100 பவுன் கடன் கொடுத்தார். வண்ணக் கண்ணாடி ஜன்னல், மர சாமான், பூவேலைத் துணி, ஓடு, சுவருக்கு ஒட்டும் காகிதம் எல்லாம் செய்வதென்று ஏற்பாடு.

சுவர்க் காகிதத்துக்கு இருந்த வரியைச் சர்க்கார் 1836-ம் ஆண்டிலேயே எடுத்திருந்தது. விலை இறங்கியது, நடுத்தரக் குடும்பத்தாரும் வாங்கத் தொடங்கினார்கள். மோரிஸ் முதலில் வரைந்தது, தம் தோட்டத்துச் சட்டத்தில் படர்ந்த ரோஜாக் கொடி. நடுவில் பறக்கும் குருவிகள் அவருக்குச் சரியாக வரவில்லை. அவற்றை வெப் வரைந்து கொடுத்தார்.

நிஜப் பூவை அப்படியே சுவரில் ஏற்றுவதில்லை என்பது மோரிசின் கொள்கை. நிழல், மேடு பள்ளம் எதுவும் வேண்டாம். சுவர் சுவராகவே தட்டையாக இருக்க வேண்டும். ஆனால் கொடி வளர்கிறது என்ற உணர்ச்சி மட்டும் வர வேண்டும். ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனி மரக்கட்டை செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கையால் அழுத்தி அச்சிட்டார்கள். 1875-ல் வந்த 'அகாந்தஸ்' என்ற இலைக் காகிதத்துக்கு 30 கட்டைகளும் 15 வர்ணங்களும் தேவைப்பட்டன. ஆயுளில் 50-க்கு மேற்பட்ட சுவர்க் காகிதங்களை அவர் வரைந்தார்.

மகாராணியின் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் இரண்டு அறைகளை அலங்கரிக்கும் வேலை 1866-ல் கிடைத்தது. அடுத்து சவுத் கென்சிங்டன் காட்சிசாலையின் சாப்பாட்டு அறை. பச்சை அறை என்று பெயர் பெற்ற அது அங்கே இன்றும் இருக்கிறது.

கம்பெனி வளர்ந்தது, வீடு போயிற்று. சுரங்கத்தின் வருமானம் குறைந்தது. லண்டனுக்கும் சிவப்பு வீட்டுக்குமாக அலைந்ததில் மோரிஸ் மூட்டுக் காய்ச்சலில் படுத்தார். 1865-ல் ஆசை ஆசையாகக் கட்டிய வீட்டை விட்டுவிட்டு, லண்டனில் கடைக்கு மேலேயே குடியேறினார். அந்த வீட்டை மறுபடி கண்ணால் பார்க்க அவருக்கு மனம் துணியவில்லை. ஒரு நாளும் அங்கே திரும்பிப் போகவில்லை.

பச்சைக்குள் இருந்த நஞ்சு

இந்த வாழ்க்கையில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. அந்தக் காலத்தில் பளிச்சென்ற பச்சை வர்ணத்துக்குப் பாஷாணம் சேர்ப்பார்கள். ஈரம் பட்ட சுவரில் அந்தக் காகிதம் இருந்தால் நஞ்சு கலந்த ஆவி கிளம்பும் என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். மோரிஸ் அதை நம்பவில்லை. டாக்டர்கள் வீண் பீதி கிளப்புகிறார்கள் என்றே 1885-ல்கூட ஒரு நண்பருக்கு எழுதினார். ஆனால் அவர் கம்பெனியின் ஆரம்பகாலக் காகிதம் ஒன்றை 2003-ல் விஞ்ஞானி ஒருவர் சோதித்தபோது, பச்சையில் பாஷாணம் இருந்தது நிச்சயமாயிற்று.

இன்னொரு விசித்திரம்: அவர் குடும்பத்துக்குச் செல்வம் கொடுத்த அதே சுரங்கம், செம்பு குறைந்த பிறகு பாஷாணத்தைத்தான் ஏராளமாக எடுத்து விற்றது. மோரிஸ் அந்தக் கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவராக இருந்தார். 1875-ல் அந்தப் பதவியை உதறினார். பதவிக்காக அணிந்துவந்த உயரமான தொப்பியின்மேல் வேண்டுமென்றே உட்கார்ந்து நசுக்கிவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

நீலக் கைகள்

இரசாயனச் சாயங்கள் 1856-க்குப் பிறகு இங்கிலாந்தில் பெருகின. கண்ணைப் பறிக்கும் நிறம், சீக்கிரத்தில் வெளுத்துவிடும். மோரிசுக்கு அவை அறவே பிடிக்கவில்லை. பழைய செடிச் சாயங்களைத் தேடிப் புறப்பட்டார். லீக் என்ற ஊரில் தாமஸ் வார்டில் என்பவர் சாயப் பட்டறை வைத்திருந்தார். இந்திய டசர் பட்டுக்குச் சாயமேற்றும் வித்தையில் கைதேர்ந்தவர் அவர். 1875 முதல் மோரிஸ் அங்கே போய், சாதாரணத் தொழிலாளிபோல் தொட்டியருகே நின்று வேலை பழகினார். நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர், பழுப்புக்கு வால்நட் மரத்தின் வேர். முழங்கை வரை நீலம் ஏறிய கைகளோடு அவர் லண்டனுக்குத் திரும்புவாராம்.

இந்தியத் துணிகளில் அவருக்குப் பெரிய மதிப்பு. இங்கிலாந்தின் மலிவுச் சரக்கு இந்தியாவின் கைத்தொழிலை அழிக்கிறதென்று 1879-ல் பர்மிங்ஹாமில் பேசிய மேடையிலேயே அவர் கண்டித்தார். வெள்ளைக்காரர் ஒருவர் அந்த நாளில் அதைச் சொன்னது சாதாரண விஷயம் அல்ல.

1881-ல் வாண்டில் ஆற்றங்கரையில் மெர்ட்டன் ஆபி என்ற இடத்தில் சொந்தப் பட்டறை அமைந்தது. அங்கேதான் 1883-ல் 'ஸ்ட்ராபெரித் திருடன்' என்ற புகழ்பெற்ற துணி பிறந்தது. கிராமத்து வீட்டுத் தோட்டத்தில் வலைக்கடியில் புகுந்து பழம் திருடும் பறவைகளை மோரிஸ் ரசித்துப் பார்த்திருந்தார். தோட்டக்காரருக்குக் கோபம், மோரிசுக்குச் சந்தோஷம். அந்தத் திருடர்களையே துணியில் ஏற்றிவிட்டார். முதலில் துணி முழுவதையும் அவுரியில் தோய்ப்பது. பிறகு வேண்டிய இடத்தில் மருந்து அச்சிட்டு நீலத்தை எடுப்பது. அதன்பின் சிவப்பும் மஞ்சளும் ஏற்றுவது. ஒரு துணி முடியப் பல நாட்கள் ஆகும். விலையும் அதற்கேற்ப அதிகம்.

இரண்டு ரசனைகள்

கிராமத்து வீடு என்றது கெல்ம்ஸ்காட் ஊரிலிருந்த பழைய கல்வீடு. மோரிசும் ரோசெட்டியும் 1871-ல் கூட்டாக அதை வாடகைக்கு எடுத்தார்கள். ரோசெட்டியின் மனம் ஜேனிடம் ஈடுபட்டிருந்தது. மோரிசுக்கு அது தெரியும். இருவரையும் அங்கே விட்டுவிட்டு அவர் ஐஸ்லாந்துக்குக் கப்பல் ஏறிப் போனார். வெளியே ஒரு வார்த்தையும் பேசவில்லை. உலகத்துக்கு அழகான வீடுகளை அமைத்துக் கொடுத்தவர் வீட்டில் அமைதி இல்லை.

ரோசெட்டி 1874-ல் அந்த வீட்டைவிட்டு விலகினார். கம்பெனியிலும் பிளவு வந்தது. ரோசெட்டி உள்படக் கூட்டாளிகள் மூவர் ஆளுக்கு 1,000 பவுன் நஷ்ட ஈடு கேட்டார்கள். 1875-ல் கம்பெனி மோரிசுக்கே சொந்தமாயிற்று.

லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் 1877-ல் பெரிய கடை திறந்தார். சீமாட்டிகள் வண்டியில் வந்து இறங்கினார்கள். ஒரு நாள் கம்பளம் பார்க்க வந்த வாடிக்கைக்காரர் ஒருவர், நிறம் தூக்கலாக இருக்கிறது, கொஞ்சம் மங்கலாக வேண்டும் என்று கேட்டாராம். அழுக்கு நிறம் வேண்டுமானால் தெருவில் நிறையக் கிடக்கிறது, போய்ப் பாருங்கள் என்று மோரிஸ் சீறிவிட்டார். கடைக்காரர் வாடிக்கைக்காரரிடம் பேசும் பேச்சா அது? ஆனால் பொருள் பிடிக்காமல் போனதற்காக அவர் தம் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

வேடிக்கை என்னவென்றால், மற்றவர்களுக்கு அவ்வளவு பூவும் கொடியும் வரைந்து கொடுத்த மோரிஸ், தமக்கென்று விரும்பியது வெள்ளையடித்த சுவரும், சில நல்ல சாமான்களும்தான். வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளும் ஒன்று உபயோகப்பட வேண்டும், அல்லது உடையவர் மனசாரக் கண்டு மகிழும் அழகுடையதாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதது வீட்டுக்கு ஆகாது என்பது அவர் கட்சி. 1878 முதல் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் அவர் வசித்த வீட்டில் பொம்மைக் குப்பைகள் இல்லை. கூடத்தின் சுவர்களில் தாமே வரைந்து நெய்வித்த கம்பளித் திரை தொங்கியது. சாப்பாட்டு அறையில் பெரிய பாரசீகக் கம்பளம் ஒன்று. அதைத் தரையில் விரித்து மிதிக்க மனம் வராமல் சுவரில் மாட்டிவைத்தார். படுக்கை அறையில் ஒரு தறி. விடியற்காலையில் எழுந்து அதில் உட்கார்ந்துவிடுவார். 1879-ல் ஒரு சித்திரத் திரையை 500 மணி நேரத்துக்கு மேல் உழைத்துத் தாமே நெய்து முடித்தார்.

யாருக்காக உழைத்தோம்?

வயது ஏற ஏற ஒரு கேள்வி அவரை அரித்தது. சர் லோதியன் பெல் என்ற இரும்புத் தொழிலதிபரின் மாளிகையில் அலங்கார வேலை நடந்தது. மோரிஸ் அங்கும் இங்கும் நடந்து தமக்குள் ஏதோ முணுமுணுத்தார். என்ன விஷயம் என்று பெல் விசாரித்தார். பணக்காரரின் கொழுத்த சொகுசுக்குத் தொண்டு செய்தே தம் ஆயுள் கழிகிறது என்று மோரிஸ் ஆத்திரத்தோடு திருப்பிச் சொல்லிவிட்டாராம்.

உண்மை அதுதான். கையால் செய்தால் பொருள் நன்றாக இருக்கும். செய்கிறவனுக்கும் வேலையில் சந்தோஷம் இருக்கும். ஆனால் விலை ஏறிவிடும். ஏழை வாங்க முடியாது. ஏழைக்கு எட்டும் விலையில் கொடுத்தால், செய்கிற தொழிலாளிக்குக் கூலி குறையும். கோரை பின்னிய இருக்கையுள்ள 'சசெக்ஸ்' நாற்காலி போன்ற சில பொருள்களே சாதாரண வீடுகளுக்கும் எட்டின. மற்றவை மாளிகைகளுக்கே போய்ச் சேர்ந்தன.

நல்ல ரசனை என்பது பணக்காரருக்கு மட்டும் உரிய சொத்தா? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனவர் சோஷலிஸ்டு ஆனார். 1883-ல் கட்சியில் சேர்ந்தார். தெருமுனையில் நின்று பத்திரிகை விற்றார். மழையிலும் குளிரிலும் திறந்தவெளிக் கூட்டங்களில் பேசினார். 1885-ல் போலீஸ் கோர்ட்டில் நிறுத்தப்பட்டு விடுதலையானார். வீட்டை அடுத்த வண்டிக் கொட்டகையில் முன்பு கம்பளம் நெய்தார்கள். இப்போது அங்கே ஞாயிறுதோறும் தொழிலாளர் கூட்டம் நடந்தது. பழைய வாடிக்கைக்காரர்களுக்கு இது அதிர்ச்சி. ஆனாலும் காகிதமும் துணியும் வாங்குவதை அவர்கள் நிறுத்தவில்லை.

வைக்கோல் வண்டியில்

கடைசிக் காலத்தில் புத்தகம் அச்சிடும் கலையில் இறங்கினார். 1891-ல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தை ஏற்படுத்தினார். பழைய ஆங்கிலக் கவி சாசரின் நூல்களை, பர்ன்-ஜோன்சின் படங்களோடு 1896-ல் வெளியிட்டார். முதல் பிரதி கைக்கு வந்தபோது உடம்பு மிகவும் தளர்ந்திருந்தது. 1896 அக்டோபர் 3-ந் தேதி காலமானார். வயது 62. என்ன வியாதி என்று கேட்டவர்களுக்கு, பத்துப் பேர் செய்யும் வேலையை ஒருவர் செய்ததுதான் வியாதி என்ற கருத்தில் ஒரு டாக்டர் பதில் சொன்னார்.

ஆடம்பரமான சவ வண்டி இல்லை. கிராமத்து வைக்கோல் வண்டி ஒன்றைத் தழைகளால் அலங்கரித்து, அதிலே சவப்பெட்டியை வைத்து மழையில் கொண்டு போனார்கள். கெல்ம்ஸ்காட் தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. கல்லறைக் கல்லையும் வெப்தான் வடிவமைத்தார்.

மோரிஸ் கம்பெனி 1940-ல் மூடப்பட்டது. அவருடைய கோலங்கள் மறையவில்லை. ஸ்ட்ராபெரித் திருடனை இன்று தலையணை உறையிலும், கைப்பையிலும், தேநீர்க் கோப்பையிலும் பார்க்கலாம். எல்லாம் இயந்திரம் அச்சடித்துத் தள்ளியவை. விலை சாமானியருக்கும் எட்டுகிறது. அவர் கடைசிவரை செய்ய முடியாததை, அவருக்குப் பிடிக்காத இயந்திரமே செய்துவிட்டது.

சிவப்பு வீடு பலர் கை மாறியது. 2003-ல் இங்கிலாந்தின் தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளை அதை வாங்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 2013-ல் ஒரு படுக்கை அறையில், பெரிய அலமாரிக்குப் பின்னால் இருந்த காகிதத்தை மெல்ல உரித்துப் பார்த்தார்கள். கீழே ஆதாம், ஏவாள், நோவா என்று வேதகால மனிதர்கள் சுவரில் வரிசையாக நின்றார்கள். மோரிசும் நண்பர்களும் சனி ஞாயிறுகளில் சிரித்துப் பேசி எழுதிய சித்திரம் அது. பின்னால் குடியிருந்த யாருக்கோ அது பிடிக்காமல், காகிதத்தை ஒட்டி மறைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் ரசனை ஒவ்வொரு விதம். 150 வருஷம் கழித்து அந்தச் சித்திரம் மறுபடி வெளிச்சத்தைப் பார்த்தது.